ராத்திரி ரெண்டு மணிக் காது

போன கட்டுரை சின்ன வெங்காயம் பற்றி. அதற்கு முந்தையது சாத்தனூர் கல்மரம் பற்றி. இந்த முறை காது. "இவனுக்கு ஒரு தலைப்பில் நிற்கவே தெரியாதா?" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. விழட்டும். காதில் விழுகிறவரை சந்தோஷம்தான். ஏன் என்று கட்டுரை முடிவதற்குள் புரிந்துவிடும்.

முதலில் என் மகத்தான தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு அரியலூர் பக்கம், கல்லூரி பெரம்பலூரில். நடுவில் சுமார் ஒரு மணி நேர பஸ். கல்லூரி விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, கம்ப்யூட்டரில் எலக்ட்ரானிக் இசை செய்வது என் பொழுதுபோக்கு. ஒரு பழைய லேப்டாப், அதில் எஃப்எல் ஸ்டூடியோ, காதை முழுதாக மூடுகிற ஒரு ஹெட்போன், நண்பன் ஒருவனிடம் பாதி விலைக்கு வாங்கிய இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். இவ்வளவுதான் சொத்து. 'ஸ்டூடியோ' என்று நான் பீற்றிக்கொள்ளும் அறையில் இரண்டு அரிசி மூட்டைகளும் இருக்கின்றன. அவை எதிரொலியைக் கொஞ்சம் விழுங்கும் என்பது என் நம்பிக்கை. அம்மாவுக்கு அது வெறும் அரிசி.

இந்த வருடம் காணும் பொங்கலுக்கு எங்கள் தெருவில் விளையாட்டுப் போட்டி. உறியடி, சாக்கு ஓட்டம், பெண்களுக்கு மியூசிக்கல் சேர். "தம்பிதான் பாட்டெல்லாம் போடுதே, ஒண்ணு செஞ்சு குடுக்கட்டும்" என்று யாரோ கொளுத்திப்போட, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் தப்பு அடிக்கும் அண்ணன்களிடம் கேட்டு, அவர்கள் அடித்ததைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். அதற்குக் கீழே ஒரு கனமான கிக், ஒரு சிந்த் பாஸ். ஐந்து நிமிட ட்ராக். மாட்டுப் பொங்கல் அன்று மாலை ஏழு மணிக்கு மிக்ஸிங்கில் உட்கார்ந்தேன். எழுந்தபோது விடியற்காலை ரெண்டு மணி. மாஸ்டரிங்கும் அதே மூச்சில் முடித்தாயிற்று. கடைசியாக ஒருமுறை ஹெட்போனில் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வராத குறை. அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மைக்செட்டில் அதைப் போட்டார்கள்.

முதல் தப்படி விழுந்ததுமே முன்வரிசைப் பாட்டி ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தப்பு மாதிரியே இல்லை. தகரத்தில் கரண்டியால் அடிப்பது மாதிரி இருந்தது. பாஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மியூசிக்கல் சேரில் பாட்டு நின்றதும் நாற்காலியைப் பார்த்து ஓடுவார்கள். என் பாட்டுக்கு, நாற்காலியை விட்டுவிட்டு ஓடினார்கள். :-)

மைக்செட் அண்ணன் சாவகாசமாக டிரெபிள் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ராத்திரியில செஞ்சதா?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

"திருவிழா மூணாம் நாளு எனக்கும் இப்படித்தான் ஆவும். எவ்வளவு டிரெபிள் வச்சாலும் மந்தமாவே கேக்கும். அன்னிக்கு நான் குமிழைத் தொட மாட்டேன். எம் பையனைக் கூட்டியாந்து நிக்க வச்சு, 'கூவுதாடா, மந்தமா இருக்குதாடா'ன்னு அவனைக் கேட்டுத்தான் வைப்பேன்."

நான் ஆறு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளாததை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு தலை குனிந்து வீட்டுக்கு நடந்தேன். வழியில் பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லா இருந்துச்சுடா தம்பி. மத்த பாட்டெல்லாம் மொத்தையா கேக்குது. உன்னுது மட்டுந்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேட்டுச்சு."

அந்தத் தெருவில் என் பாட்டு பிடித்த ஒரே ஆள் பெரியப்பா. அப்போது அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அது ஆறுதல் இல்லை, ஒரு துப்பு என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து முந்தைய இரவின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான் அரைமணிக்கு ஒருமுறை புதுப்பெயரில் சேமிப்பவன். தப்பு ட்ராக்கின் ஈக்யூவைப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றுமே கூட்டவில்லை. பத்து மணிக்கு 2 டெசிபல். பன்னிரண்டுக்கு 4. கடைசிக் கோப்பில் 7. ஒரே தடவையில் 7 டெசிபல் கூட்டியிருந்தால் நானே அலறியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் மந்தமா இருக்கே" என்று ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை. உப்பு போட்டதை மறந்து மறுபடி மறுபடி உப்பு போட்ட கதை. சத்தமும் அப்படியே. எட்டு மணிக்கு ஹெட்போன் குமிழ் பாதியில் இருந்த நினைவு. ரெண்டு மணிக்கு அது முக்கால் தாண்டியிருந்தது. திருகிய நினைவே இல்லை.

ட்ராக் மாறவில்லை. மாறியது என் காது.

சரி, கொஞ்சம் அறிவியலுக்குள் போய்விட்டு வருவோம். பயப்பட வேண்டாம், தேர்வு கிடையாது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்லியா என்றொரு உறுப்பு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலி அலை வரும்போது இவை அசைந்து, அதை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. வெளிவரிசைச் செல்கள் சன்னமான ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற வேலையையும் செய்கின்றன. அதாவது பிறவியிலேயே வந்த ஆம்ப்ளிஃபயர். நெடுநேரம் உரத்த சத்தம் கேட்டால் இந்தச் செல்கள் களைத்துவிடும். அப்போது ஒரு ஒலி காதில் விழ வேண்டுமானால் அது வழக்கத்தைவிட உரக்க இருக்க வேண்டும். இதைத் தற்காலிகக் கேள்வாசல் உயர்வு என்கிறார்கள். சில மணி நேரத்தில், சிலசமயம் ஒரு நாளில், பழையபடி ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், எல்லா ஸ்தாயியும் ஒன்றுபோலக் களைப்பதில்லை. அடி அதிகம் விழுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். பியானோவின் கடைசிக் கட்டை சுமார் 4,186 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய அந்த இடம். தப்பில் குச்சி படுகிற 'சட்' என்ற ஓசை, பாட்டில் ச, ஸ எழுத்துக்கள், ஹை-ஹாட் எல்லாம் உயிர் வாழ்வதும் அங்கேதான். களைத்த காதுக்கு முதலில் தொலைவது அது. நாம் ட்ராக்கில்தான் குறை என்று நினைத்து அதைக் கூட்டுவோம்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் ஒன்றைக் காட்டினார்கள். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்கு பாஸ் சரியாகக் கேட்காது. சத்தம் கூடக்கூட பாஸும் நிறைந்து கேட்கும். இன்று புழங்கும் ஐஎஸ்ஓ 226 வரைபடத்தில் பார்த்தால், 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ அவ்வளவு உரக்க 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க, அதற்கு 30 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆக, உரக்க வைத்து மிக்ஸ் செய்கிறவனுக்கு "பாஸ் தாராளமா இருக்கு" என்று தோன்றும், குறைத்துவிடுவான். இந்த வகையில் பாஸையும் அந்த வகையில் டிரெபிளையும் கெடுத்துக்கொண்டு, தகரத்தில் கரண்டி அடித்திருக்கிறேன்.

எவ்வளவு சத்தம் எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் கணக்கு எளிமையானது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். பாட்டுக் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். நான் பிறகு போனில் ஒரு ஒலிமானியை இறக்கி, ஹெட்போனின் குழிக்குள் வைத்து, அன்றைய ரெண்டு மணிக் குமிழ் அளவில் ட்ராக்கை ஓட்டினேன். 92 காட்டியது. போன் மானி துல்லியமில்லை, ஹெட்போனுக்கு அது சரியான முறையும் இல்லை. ஆனாலும் ஏழு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு வயிற்றைக் கலக்க அது போதும். அன்றிரவு படுத்தபோது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொசு என்று நினைத்திருந்தேன்.

இனி பெரியப்பா கதை.

எங்கள் ஊர்ப்பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்ததன் மிச்சம். அதனால்தான் இவ்வளவு தொல்லுயிர் எச்சங்கள், அதனால்தான் இவ்வளவு சிமெண்ட் ஆலைகள், அதனால்தான் ராத்திரி பகல் பாராமல் லாரிகள். பெரியப்பா ஒரு ஆலையில் மில் பிரிவில் 28 வருடம் வேலை பார்த்தார். மில் என்றால் ஒரு பிரம்மாண்டமான இரும்பு உருளை. உள்ளே ஆயிரக்கணக்கான எஃகு உருண்டைகள். உருளை சுற்றச் சுற்ற உருண்டைகள் உருண்டு விழுந்து கிளிங்கரை மாவாக்கும். அப்படிப்பட்ட மில்லுக்குப் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருப்பது சாதாரணம். அவர் வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலேயே வைத்திருந்தது. காதடைப்பான் கொடுத்தார்களா என்று கேட்டேன். "குடுப்பாங்க. போட்டுக்கிட்டா கூப்புட்டாக் கேக்காது. மில்லுல கூப்புட்டது கேக்கலைன்னா கை போயிரும். பஞ்சை உருட்டி வச்சுக்குவோம்" என்றார். பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஷிப்ட் முடிந்து வந்த புதிதில் அவருக்கும் காதுக்குள் 'ஙொய்' என்று கேட்குமாம். காலையில் சரியாகிவிடுமாம். ஒவ்வொரு நாளும் சரியாகிவிட்டதால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் சரியாகவில்லை.

அவரிடம் "காது எப்படி இருக்கு பெரியப்பா?" என்று கேட்டால், "காசா? எதுக்குடா?" என்பார். நாங்கள் சிறுவயதில் இதை வைத்துச் சிரித்திருக்கிறோம். இப்போது காரணம் தெரிகிறது. அவருக்குச் சத்தம் கேட்காமல் இல்லை. அ, ஆ, ஊ என்ற உயிரொலிகள் தாழ்ந்த ஸ்தாயியில் இருப்பதால் நன்றாகவே கேட்கின்றன. சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யொலிகள்தான் தேய்ந்துவிட்டன. அதனால்தான் அவருக்கு உலகமே 'மொத்தை'யாகக் கேட்கிறது. அதனால்தான் 4,000 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் கூட்டிய என் பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் என்னை அறியாமல் பெரியப்பாவின் காதுக்காக மிக்ஸ் செய்திருக்கிறேன். ஏனென்றால் அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு என் தலையில் இருந்தது அவருடைய காது. எனக்கு அது தூங்கி எழுந்ததும் போய்விட்டது. அவருக்குப் போகவில்லை.

இறந்த மயிர்ச்செல் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும். இது 1980-களில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வருகிற வரித்தலை வாத்துக்குக் கிடைத்த வரம், அதைப் பார்க்கப் போகிற நமக்குக் கிடைக்கவில்லை. "காலையில் சரியாகிவிடுகிறதே" என்று சும்மா இருப்பதும் பத்திரமில்லை. 2009-இல் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் கண்டது இது: சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழையபடி திரும்பிய எலிகளிலும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள இணைப்புகள் கணிசமாக அழிந்திருந்தன. வெளியே சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் உள்ளே கணக்கு ஏறிக்கொண்டிருக்கலாம்.

இதில் வீட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. வீட்டில் ஸ்டூடியோ என்பது நமக்குப் புதிதில்லை. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைத் தொடங்கினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது, நம்மிடம் இல்லை: இன்னொருவர் காது. அவருடைய பல படங்களுக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர் 2008-இல் காலமான எச். ஸ்ரீதர். மெட்டுப் போட்டவர் ஒருவர், ஒலியைச் சமன் செய்தவர் இன்னொருவர். நம் வீட்டிலோ மெட்டு, பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் நாலும் ஒரே ஆள், ஒரே ஜோடிக் காது, ஒரே ராத்திரி. அந்தத் தப்படியை நான் அன்று முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மைக்செட் அண்ணனுக்காவது பக்கத்தில் பையன் இருந்தான்.

களைத்த காது "நான் களைத்துவிட்டேன்" என்று சொல்லாது. கால் வலித்தால் உட்காருவோம், கண் எரிந்தால் மூடுவோம். காது மட்டும் வேலை செய்துகொண்டே பொய் சொல்லும். எனவே அதைக் கேட்டு முடிவெடுக்க முடியாது. காதுக்கு வெளியே சில சட்டங்கள் வேண்டும். இந்த எட்டு மாதமாக நான் கடைப்பிடிப்பவை இவை:

1. பொட்டு. ஸ்பீக்கரில் சுமார் 72 டெசிபல் வரும் இடத்தில் குமிழுக்கு நேராக அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு அது. ஹெட்போன் குமிழுக்கு இன்னொரு பொட்டு, அதைவிடக் கொஞ்சம் கீழே. பொட்டைத் தாண்டத் தோன்றினால், தாண்டக் கூடாது, எழுந்துவிட வேண்டும். தாண்டத் தோன்றுவதுதான் களைப்பின் முதல் அறிகுறி.

2. கடிகாரம். 45 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. ஓய்வு என்றால் மொட்டை மாடி. போனில் ரீல்ஸ் பார்ப்பது ஓய்வு இல்லை, ஓவர்டைம்.

3. முக்கியமானது முதலில். கிக்குக்கும் பாஸுக்கும் சண்டை தீர்ப்பது, டிரெபிள் பக்க ஈக்யூ இரண்டும் முதல் ஒரு மணி நேரத்தில். ட்ராக்குகளுக்குப் பெயர் வைப்பது, வெட்டி ஒட்டுவது, ஆட்டோமேஷன் கோடு வரைவது எல்லாம் காது களைத்த பிறகும் செய்யலாம். இரவு பத்துக்கு மேல் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் தொடுவதில்லை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. என் டிரெபிள் குமிழுக்கும் அதே சட்டம்.

4. மின்விசிறி. எங்கள் ஊர் வெயிலில் அதை நிறுத்திவிட்டு உட்கார முடியாது. ஆனால் அதன் இரைச்சலும் லாரிச் சத்தமும் சேர்ந்தால், அவற்றுக்கு மேலே கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். ஆகவே காது வேலையை விடிகாலை ஐந்திலிருந்து ஏழுக்கு மாற்றினேன். ஊர் அமைதி, வெயில் இல்லை, காது புதுசு. அம்மாவுக்கும் சந்தோஷம், பையன் படிக்க எழுந்தான் என்று நினைக்கிறார். (நண்பர்களே, போட்டுக்கொடுக்க வேண்டாம்.)

5. ஒப்பீட்டுப் பாட்டு. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அதே ப்ராஜெக்டில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக் கேட்பது. அந்தப் பாட்டு மந்தமாகக் கேட்டால் கோளாறு பாட்டில் இல்லை, உங்களிடம். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். மாஸ்டரிங் முடிந்த பாட்டு உரக்க இருக்கும். அதைப் பல டெசிபல் இறக்காமல் ஒப்பிட்டால் நம்முடையது எப்போதும் ஏழையாகத்தான் தெரியும்.

6. அடுப்படி சோதனை. சத்தத்தைக் கிசுகிசு அளவுக்குக் குறைத்துவிட்டு, அறைக்கு வெளியே போய் அடுப்படி வாசலில் நின்று கேட்பது. அப்போதும் கிக்கும் முக்கிய மெட்டும் தெரிந்தால் சமன் சரி. தப்பு மட்டும் தனியாகக் கூவினால் போய்க் குறைக்க வேண்டும்.

7. மாஸ்டரிங் மறுநாள். மிக்ஸுக்கும் மாஸ்டரிங்குக்கும் நடுவில் குறைந்தது ஒரு தூக்கம். உரக்க வைக்க வேண்டும் என்ற வெறியும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை பாட்டுகளைச் சுமார் மைனஸ் 14 லுஃப்ஸ் அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்கவைக்கிறது. நாம் நசுக்கி நசுக்கி ஏற்றிய உரப்பை அது இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் மிச்சம்.

8. பஸ் கணக்கு. பெரம்பலூரிலிருந்து வரும் பஸ்ஸில் தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிற சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அன்றைய காதுப் பணம் அங்கேயே செலவாகிவிடுகிறது. ஸ்பீக்கர் இல்லாத சீட், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை காதடைப்பான். திருவிழா, கல்யாணம் முடிந்து வந்த அன்று மிக்ஸிங் கிடையாது.

இந்த எட்டையும் பின்பற்றி அதே தப்பு ட்ராக்கை மறுபடி மிக்ஸ் செய்தேன். எட்டு விடிகாலைகள் ஆயின. 4,000 ஹெர்ட்ஸில் கடைசியாக நின்றது 1 டெசிபல். ஆடி மாதம் கோயில் விசேஷத்துக்கு அதே மைக்செட் அண்ணன் வந்தபோது, கொடுத்துப் போடச் சொன்னேன். குமிழைத் தொடாமல் முழுதும் கேட்டுவிட்டு, "இது பகல்ல செஞ்சது" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே விருது.

பெரியப்பா அன்று பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது மற்றப் பாட்டு மாதிரியே மொத்தையாகக் கேட்டிருக்கும். அதுதான் என்னை உறுத்தியது. அடுத்த வாரம் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு ஸ்தாயியாகச் சன்னமான ஒலி கொடுத்து, கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரைபடம் தந்தார்கள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. இடதுபக்கம் ஓரளவு சமமாக வந்த கோடு 3,000 தாண்டியதும் சரிந்து, 4,000-இல் குழி விழுந்திருந்தது. என் கடைசிக் கோப்பின் ஈக்யூவைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி. என்னுடையது மேடு, அவருடையது பள்ளம்.

கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் எந்த ஸ்தாயி தேய்ந்ததோ அதைக் கூட்டிக் கொடுக்கிற, உரத்ததை அமுக்குகிற ஒரு குட்டி ஈக்யூ, கம்ப்ரஸர்தான். எட்டு மணி நேரம் போட வேண்டியதை இரண்டு மணி நேரம் போடுகிறார், மீதி நேரம் சட்டைப்பையில். "ஃபேன் சத்தம் மண்டையப் பொளக்குது" என்பார். முதல்நாள் மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றபோது மட்டும் பெரியம்மாவைப் பார்த்து, "கடுகு இவ்வளவு சத்தமாவா வெடிக்கும்?" என்று கேட்டார். பெரியம்மா பதில் சொல்லாமல் இன்னொரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் கடுகு போட்டார்.

எனக்கு இப்போது கடுகு வெடிப்பது கருவி இல்லாமலே கேட்கிறது. அறுபது வயதிலும் அப்படியே கேட்க வேண்டும் என்று ஆசை. பாட்டு நன்றாக வருவது அதற்குப் பிறகுதான்.

மணி ஒன்பதே முக்கால். பத்துக்கு மேல் குமிழைத் தொடக் கூடாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். படுக்கப் போகிறேன். காலை ஐந்து மணிக்கு ஒரு பாஸ் லைன் காத்திருக்கிறது.